அருளப்பன் செய்த ஒன்பதடி இறக்கை

வேடசந்தூர் ரோட்டில் இருந்த நூற்பாலை ஒன்றில் நான் ஒயர்மேனாக இருந்தேன். பெயர் நல்லுசாமி. என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சமும் பெருமைப்படும்படியாக இல்லை. நான் சொல்ல வந்தது எங்கள் மில் தச்சர் அருளப்பனைப் பற்றி.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் வீடு. மனைவி இன்னாசியம்மாள், ஒரு மகள். தினமும் மில் பஸ்ஸில் வந்து இறங்கி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தால், சாயந்திரச் சங்கு ஊதும்போதுதான் வெளியே வருவார். நூல் பெட்டி, ஜன்னல் சட்டம், கால் உடைந்த ஸ்டூல், மேனேஜர் வீட்டுத் தொட்டில் என்று எல்லாம் அவர் கைதான். ஏழு வருஷமாகத் தற்காலிகத் தச்சர். அவருக்குப் பின்னால் வந்து பெருக்குமாறு பிடித்தவர்கள்கூட நிரந்தரமாகிவிட்டார்கள். இவர் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால்தானே கிடைக்கும் என்று நான் அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். "கேப்போம் தம்பி" என்பார். அந்தக் 'கேப்போம்' ஏழு வருஷமாக அங்கேயே நின்றது.

அறுபத்தைந்தாம் வருஷம் எங்கள் சின்ன முதலாளி இங்கிலாந்தில் நெசவுப் படிப்பு முடித்துத் திரும்பினார். கூடவே ஒரு விமானத்தையும் கொண்டுவந்தார். பொம்மை விமானம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எஞ்சின் உண்டு, பெட்ரோல் மாதிரி ஏதோ ஓர் எண்ணெய் உண்டு. தரையில் நின்றுகொண்டு ஒரு ரேடியோ பெட்டியின் குமிழைத் திருகினால் ஆகாயத்தில் அது இடமும் வலமும் திரும்பும். உடல் பாகம் மட்டும் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ரேடியோ என்பதால் என்னைக் கூப்பிட்டார். நான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

பிரச்சினை இறக்கையில். கப்பலில் வரும்போது எவனோ அதன்மேல் இரும்புச் சாமானை ஏற்றிவிட்டான். ஒன்பது அடி இறக்கை அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. வரைபடம் மட்டும் தப்பித்திருந்தது. சின்னவர் அதைச் சுருட்டிக்கொண்டு தச்சுக் கொட்டகைக்கு வந்தார்.

"அருளப்பா, இதே மாதிரி புதுசா ஒண்ணு செய்யணும். தை மாசம் மில் ஆண்டு விழாவுல இது பறக்கணும். பறந்துச்சுன்னா உன்னை அன்னைக்கே நிரந்தரம் பண்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அருளப்பன் வரைபடத்தைத் தரையில் விரித்து, மேலே கால் படாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில், "செய்யலாங்கய்யா" என்றார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அவர் செய்தது ஒரு கதவு. வடிவம் இறக்கை மாதிரி இருந்தாலும் அது கதவுதான். நல்ல தேக்கு, ஒவ்வொரு மூட்டிலும் துளையும் கழுந்தும், முளைக்குச்சி வேறு. நூறு வருஷத்துக்கு அசையாது. நூறு வருஷத்துக்குத் தரையை விட்டும் அசையாது. எடை போட்டால் ஒன்பது பவுண்டு. மூன்று பவுண்டுக்குமேல் ஒரு அவுன்ஸ் கூடக் கூடாது என்று வரைபடத்தின் மூலையில் போட்டிருந்தது. சின்னவர் சிரித்த சிரிப்பில் மேஸ்திரிகள் எட்டிப் பார்த்தார்கள். பாவம், தச்சனுக்குப் பலமில்லாமல் செய் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? அவர் பிழைப்பே பலமாகச் செய்வதில் இருக்கிறது.

அருளப்பன் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. அந்தக் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு மரம் தேடப் போனார். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்து வேலியில் கல்யாண முருங்கை நின்றது. கீரைக்கும் கொடி ஏற்றவும்தான் அதை வளர்ப்பார்கள். அடுப்புக்குக்கூட அதை ஒரு மரமாக யாரும் மதிக்கமாட்டார்கள். அதில் நான்கு கிளையை வெட்டிவந்து, கொட்டகைக்கூரைக்கடியில் மூன்று வாரம் காயவைத்தார். காய்ந்த கட்டையைக் கையில் கொடுத்தபோது நான் ஏமாந்துபோனேன். கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. நீளவாட்டில் ஓடும் முதுகுச் சட்டங்களுக்கு, இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் தேவதாருப் பலகையைக் கீறி எடுத்தார். நேரான ரேகை, கணு இல்லை. மேலே ஒட்டுவதற்குச் சின்னாளப்பட்டியில் மெல்லிய பட்டுத்துணி சொல்லிவைத்தோம்.

இறக்கைக்குள் முப்பத்தெட்டு விலா. ஒவ்வொன்றும் தலை பெருத்து வால் சிறுத்த மீன் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, இரண்டு தகர அச்சுக்கு நடுவில் இறுக்கி, ஒரே சமயத்தில் அரம் போட்டு ராவினார். பிறகு ஒவ்வொன்றையும் நூல் நம்பர் பார்க்கிற தராசில் நிறுத்தார். அந்தத் தராசு ஓர் இழை நூலின் எடையைக் காட்டும். ஒரு விலா கூடுதலாக இருந்தால் நடுவில் சின்னத் துளை போட்டு எடையைக் குறைப்பார். நான் சோல்டரிங் வேலையை அந்தக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டேன். மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். நான் கொண்டுபோவது வெறும் சோறும் மோரும். வெஞ்சனம் அவர் வீட்டிலிருந்து வரும். இன்னாசியம்மாளின் கருவாட்டுக் குழம்புக்கு நான் அடிமை. இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டு எடுப்போம்.

விலாக்களைக் கோத்து ஒட்டியபிறகுதான் உண்மையான வேலை. இடது பக்கத்து வளைவும் வலது பக்கத்து வளைவும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் அரை நூல் அளவு மேடாக இருந்தாலும் விமானம் அந்தப் பக்கமே கவிழும் என்று சின்னவர் பத்துத் தடவை சொல்லிவிட்டார். எந்தத் தச்சரும் இதற்கு விரல்களைத்தான் நம்புவார். இழைத்துவிட்டு, கண்ணை மூடி, விரலை ஓடவிடுவார். அருளப்பன் அப்படிச் செய்யவில்லை. இறக்கைமேல் குனிந்து, கன்னத்தை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனார். பிறகு மறு பக்கம். பிறகு ஓர் இடத்தில் நின்று, உப்புத்தாளை எடுத்து இரண்டு இழுப்பு. மறுபடி கன்னம்.

"என்னண்ணே, மரத்தோட கொஞ்சலா?" என்றேன்.

"சமம் பாக்குறேன் தம்பி."

நன்றாகத்தான் பார்த்தார். சின்னவர் வளைவுமானியை வைத்து அளந்தபோது ஓரிடத்தில்கூட இடுக்கு வழியாக ஒளி தெரியவில்லை. "இங்கிலாந்துக்காரன் செஞ்சதைவிட இது மேல்" என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும் என்னவோ சொல்லிக் கொண்டாடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுத்துணியைக் கொடுக்க மேட்டுப்பட்டி வீட்டுக்குப் போனேன். அருளப்பன் பூசைக்குப் போயிருந்தார். இன்னாசியம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"நல்லு, நீ ஒளிக்காமச் சொல்லணும். மில்லுல பொம்பளையாளுக வேலை பாக்காளுகளா?"

"ரீலிங்ல இருக்காக. ஏங்க்கா?"

"இந்த மனுசன் வாரத்துக்கொருக்க செரைச்சாலே பெரிசு. இப்பம் ஒரு மாசமா விடிஞ்சதும் கண்ணாடிய வச்சிக்கிட்டு உக்காந்துருதாரு. தெனமும்! கன்னத்த மாப்பிள்ளை கணக்கா வச்சிருக்காரு. யாருக்குன்னு நான் கேக்கக் கூடாதா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இறக்கைக்காக அக்கா, தாடி இருந்தால் மரத்தின் மேடு பள்ளம் தெரியாது என்று விளக்கினேன். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேருமே, கன்னத்தை ஏன் வைக்கவேண்டும், விரல் என்னவாயிற்று என்று கேட்கவில்லை. எனக்காவது தோன்றியிருக்கவேண்டும். கூடவே இருந்தவன் நான்தான்.

தெரிந்தது மார்கழி மாதத்தில். வச்சிரம் என்று ஒரு பசை, தோலைக் காய்ச்சி எடுப்பது. கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்த கிண்ணத்தில் அது எப்போதும் சூடாக இருக்கவேண்டும். அருளப்பன் ஒரு கையால் இறக்கையின் முனைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிண்ணத்திலிருந்த குச்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் ஏதோ நாற்றம் அடிக்கிறதே என்று திரும்பினேன். அவருடைய இரண்டு விரல்கள் பசைக்குள் இருந்தன. குச்சி கிண்ணத்துக்கு வெளியே கிடந்தது.

"அண்ணே, கையி!" என்று கத்தினேன்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று என் முகத்தில் தெரிந்துகொண்டுதான் கிண்ணத்தைப் பார்த்தார். விரலை எடுத்துத் துணியில் துடைத்தார். தோல் துணியோடு வந்தது. அப்போதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

நான் கதவைச் சாத்தினேன். அவர் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய தேமல். சுண்டுவிரல் லேசாக உள்நோக்கி மடங்கியிருந்தது. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தச்சன் கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறேன்.

"பெரு வியாதியாண்ணே?" குஷ்டம் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

"அதான்."

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். வெளியூர் ஆசுபத்திரியில காமிச்சேன். மாத்திரை குடுத்தாக. விடாம முழுங்குனா அடுத்தவுகளுக்கு ஒட்டாதுன்னாக. கொணமும் ஆயிரும்னாக. போன உணர்ச்சி மட்டும் திரும்பாதாம். வெரலு அம்புட்டும் மரத்துப்போச்சு தம்பி. கன்னத்துக்குத் தெரியுது. அத வச்சுத்தான் ஓட்டுறேன்."

மாத்திரையை ஆணி டப்பாவில் வைத்திருந்தார். மனைவிக்குத் தெரியாது. மகளைப் பெண் கேட்டு வடமதுரையிலிருந்து வந்து போயிருந்தார்கள், அதனால் யாருக்கும் தெரியக்கூடாது. மில்லுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே.

"நிரந்தரம் பண்ணுனா மில் டாக்டர் பாப்பாரேண்ணே?"

"பவுல்ராஜ்ட்ட கேட்டுட்டேன். நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவாராம். கையப் பாக்க மாட்டாராம்." பவுல்ராஜ் எங்கள் டைம்கீப்பர், போன வருஷம் நிரந்தரமானவர்.

"பயமா இல்லியாண்ணே ஒங்களுக்கு?"

அவர் யோசித்தார். எதற்குமே யோசித்துத்தான் பதில் சொல்வார்.

"மொதல்ல இருந்துச்சு. இப்பம் அதுவும் வர மாட்டேங்குது. ராத்திரி முழிச்சுக் கெடந்து வருதான்னு பாக்குறேன். வரல."

நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை பாதியில் நின்றால் விமானம் இல்லை, விமானம் இல்லாவிட்டால் சின்னவர் பக்கத்தில் ரேடியோ பெட்டியோடு நான் நிற்கவும் முடியாது. சூப்பர்வைசர் ஆகிவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று தடவை குளித்தேன். மறுநாளிலிருந்து குண்டூசியால் என் விரலை நானே குத்திப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் 'ஆ' என்று கத்திவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒட்டாது என்று ஆசுபத்திரியில் சொல்லியிருந்தால் என்ன? என் உடம்பு கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எனக்கு ஸ்டார்ட்டரில் அவசர வேலை வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அருளப்பன் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை.

"வீட்ல வெஞ்சனம் வைக்கல தம்பி. நீங்க சாப்டுங்க" என்று மூலையில் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பின் வாசனை கொட்டகை பூராவும் அடித்தது. நான் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அதுவரைக்கும் என்னை நீ, வா, போ என்று பேசியவர், அன்றிலிருந்து நீங்க என்றார். நான் அதைத் திருத்தவில்லை.

விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடம் சிராய் ஏறிவிட்டது என்று சொன்னார். வேலை நிற்கவில்லை. விலாக்கள்மேல் பட்டுத்துணியை ஒட்டி, அதன்மேல் சின்னவர் கொண்டுவந்த மருந்தைப் பூசினோம். காயக் காயப் பட்டு இழுபட்டு, தட்டினால் கஞ்சிரா மாதிரி சத்தம் வந்தது. எடை போட்டோம். மூன்று பவுண்டுக்கு அரை அவுன்ஸ் குறைவு. சின்னவர் துள்ளினார். அருளப்பன் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த சுருளைப் பெருக்க ஆரம்பித்தார்.

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மில்லுக்குக் கிழக்கே தண்ணீர் வற்றிய குளம், நல்ல இறுகிய தரை. நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய முதலாளி குடும்பம், மேனேஜர், திண்டுக்கல்லிலிருந்து வந்த மில் டாக்டர், ஷிப்ட் முடித்த தொழிலாளிகள் என்று இருநூறு பேர் இருப்பார்கள். அருளப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். விரல் துணியை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார், விழாவுக்கு அது நன்றாக இராது என்று.

இறக்கையை உடலின்மேல் வைத்து ரப்பர் பட்டைகளால் இழுத்துக் கட்டினோம். சின்னவர் எஞ்சினைக் கிளப்பினார். மூக்கிலிருந்த விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, காது அடைத்தது. அருளப்பன் விமானத்தைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் தலையில் பேட்டரி ஒயர் ஒன்று மாட்டியிருக்கும், ஓட ஆரம்பித்ததும் அதைப் பிடுங்கவேண்டும். நான்தான் பிடுங்கவேண்டும். ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். "அண்ணே, ஒயர எடுத்துவிடுங்க!" என்றேன். அவர் ஒரு கையை நீட்டி எடுத்துவிட்டார். விசிறியில் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த புல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

பெட்டியைச் சின்னவர் வாங்கிக்கொண்டார். அருளப்பன் பிடியை விட்டார். விமானம் ஓடி, குதித்து, எழும்பியது.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகப் பறந்தது. குளக்கரை வேலமரங்களுக்கு மேலே போய், சாய்ந்து திரும்பி, எங்கள் தலைக்கு மேலே வந்தது. வெயில் பட்டுத்துணிக்குள் புகுந்து முப்பத்தெட்டு விலாவும் எண்ணுகிற மாதிரி தெரிந்தன. இருநூறு பேரும் அண்ணாந்துகொண்டு கத்தினார்கள். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. அருளப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்பிடிண்ணே இருக்கு?"

"பறக்குது" என்றார். வேறு யாரோ செய்ததைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

ஐந்து நிமிஷம் பறந்து, சின்னவர் அதைப் பதமாகத் தரையிறக்கினார். இறக்கியவர் பெட்டியை என்னிடம் திணித்துவிட்டு அருளப்பனிடம் ஓடினார். அருளப்பன் கும்பிடக் கையைத் தூக்குவதற்குள் அவருடைய வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். எங்கள் பக்கத்தில் முதலாளி தொழிலாளிக்குக் கை கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஜனம் கைதட்டியது. "இன்னையிலேர்ந்து நீ நிரந்தரம்யா!" என்று சின்னவர் கூவினார்.

அருளப்பன் சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். பிறகு கீழே பார்த்தார், சிரிப்பு நின்றது.

"அய்யா, ஒங்க கையில ரத்தம்" என்றார்.

அந்தக் குரலில் பதைப்பு இருந்தது. தோளில் கிடந்த துண்டை உருவி, "எங்கயோ கிழிச்சிருக்கு பாருங்க. காட்டுங்கய்யா, கட்டிவிடுறேன்" என்று சின்னவரின் கையைத் தேடினார். சின்னவர் சிரித்துக்கொண்டே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் காயம் இல்லை. பின்பக்கம் காயம் இல்லை. ரத்தம் மட்டும் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அவர் சிரிப்பு மெல்ல நின்றது. தரையில் சொட்டுச் சொட்டாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அருளப்பனின் ஆள்காட்டி விரல் நுனி பிளந்து எலும்பு தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, சின்னவர் கையிலேயே காயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்த்த இடத்தைப் பின்தொடர்ந்துதான் தன் விரலுக்கு வந்தார்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பயப்படாமல் தொட்ட ஒரே ஆள் அவர்தான். மணிக்கட்டைப் பிடித்து, "வலிக்கலையா?" என்றார்.

"இல்லீங்க."

"கண்ணை மூடு. நான் தொடுறப்பல்லாம் சொல்லு."

கீழே கிடந்த ஒரு காய்ந்த புல்லை எடுத்து, அருளப்பனின் ஐந்து விரல் நுனியிலும் ஒவ்வொன்றாகத் தொட்டார். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தொட்டார். புல்லைக் கீழே போட்டார். அருளப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கவனமாக, கையை நீட்டியபடி நின்றார்.

"ஆரம்பிங்கய்யா" என்றார்.

அதற்குப் பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் நான் தொட்டுத் தொட்டு வேலை பார்த்த இறக்கையை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. ரப்பர் பட்டைகளைப் பிளேடால் அறுத்துக் கீழே தள்ளினேன். ரேடியோவும் எஞ்சினும் உள்ளே போயின. இறக்கையைக் கொதிகலனுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கல்யாண முருங்கை எரிய எவ்வளவு நேரம் ஆகும்? வடமதுரைக்காரர்கள் திரும்ப வரவில்லை. இன்னாசியம்மாள் ஒரு தடவைகூடத் தன்னிடம் மறைத்ததற்காக அவரைத் திட்டவில்லையாம், மகளை அழைத்துக்கொண்டு அவரோடு அந்த வெளியூர் ஆசுபத்திரிக்கே போய்விட்டாள். மூன்று வருஷத்தில் நோய் போய்விட்டது, சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அங்கேயே கால் புண்காரர்களுக்கு மரச்செருப்புச் செய்துகொண்டு இருந்துவிட்டார். அருளப்பன் கதையை எங்கள் மில்லில் யாரைக் கேட்டாலும் இதுவரைக்கும் சொல்வார்கள்.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அது அங்கே நின்ற மூன்று பேருக்குத்தான் தெரியும். டாக்டர் புல்லைக் கீழே போட்டதும் கூட்டம் பின்னால் நகர்ந்தது. டாக்டர் பெரிய முதலாளியிடம் சொல்லப் போனார். சின்னவர் துணியை எஞ்சின் எண்ணெயில் நனைத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ரத்தம் போனபிறகும் துடைத்தார். துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நல்லு, நீ மூணு மாசமா அவன்கூடவேதான் இருந்தே. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. கூச்சம் வரும், குற்றவுணர்ச்சி வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அது வந்தது, வந்தபின் போகவில்லை.

சின்னவர் நம்பாமல் என்னையே பார்த்தார். அருளப்பன் கண்ணைத் திறந்தார். ரத்தம் சொட்டுகிற கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்.

"தம்பிக்குத் தெரியாதுங்கய்யா. அவர்ட்ட நான் காட்டவே இல்ல."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.